ஐந்தாம் நிமிஷத்து ஒத்திகை

கணிப்பொறியில் ஓடும் நிரல் எதுவும் தன் முறை முடிந்ததென்று தானாக ஒதுங்கிக்கொள்ளாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள், நேரத்தை எண்ணுவதற்கென்றே ஒரு டைமர் சில்லை அமர்த்தி, அது குறித்த இடைவெளியில் தட்டியெழுப்பும்போதெல்லாம் செயலி கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு, இயங்குதளத்தின் உட்கருவான கர்னலிடம் ஆதிக்கத்தை ஒப்படைக்கும்படி விதித்தார்கள். கர்னல் அந்த க்ஷணத்தில் செய்வது சொற்பந்தான்: 'ஜிஃபி' என்னும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், தவணை வந்த காரியங்களைக் கவனிக்கும், ஓடிக்கொண்டிருந்த நிரலின் பங்கு தீர்ந்திருந்தால் அடுத்ததற்கு வழிவிடும். சாதாரண மேஜைக் கணிப்பொறியில் லினக்ஸ் கர்னல் ஆதியில் விநாடிக்கு 100 முறை செய்த இதனை, 2003-இல் 1000 ஆக்கி, 2005-இல் 250-க்கு இறக்கினார்கள். எத்தனை முறை என்ற அந்த வாதத்தில் எனக்கு அவ்வளவு சிரத்தையில்லை.

என் மனம் லயித்தது அந்த 'ஜிஃபி' எண்ணிக்கையில். 32 பிட் யந்திரத்தில் அது 4,294,967,295-ஐத் தொட்டபின் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். விநாடிக்கு 100 என்ற கணக்கில் அதற்கு 497 நாள் பிடிக்கும். 'தவணை கடந்ததா?' என்பதை வெறும் பெரிது சிறிது பார்த்து எழுதிய டிரைவர் நிரல் அன்றைக்குத் தடுமாறும். எழுதியவரோ தம் மேஜையில் யந்திரத்தை ஒன்றரை வருஷம் அணைக்காமல் வைத்துச் சோதித்திருக்கப் போவதில்லை.

இதற்குக் கர்னல்காரர்கள் செய்த யுக்தியை நான் மிகவும் மெச்சுகிறேன். எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்காமல், அது சுழன்று திரும்புவதற்குச் சரியாக 300 விநாடி முன்னால் தொடங்கிவைத்தார்கள். ஆகவே ஒவ்வொரு முறை யந்திரத்தை முடுக்கியதும் ஐந்தாம் நிமிஷத்தில் அந்த விபரீதத்துக்கு ஒத்திகை நடந்துவிடுகிறது. பிழையை வைத்திருப்பவர் காப்பி ஆறுவதற்குள் பிடிபடுகிறார்.

இந்த ஜாக்கிரதை எங்கும் இருப்பதாக நினைக்க வேண்டாம். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள், 248 நாள் இடைவிடாமல் மின்சாரத்தில் இருந்தால், உள்ளேயிருக்கும் ஓர் எண்ணிக்கை நிரம்பி வழிந்து, வேலையை விட்டுவிடக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது.

ஓடுகிற யந்திரத்துக்குள் வேண்டுமென்றே விபரீதத்தை வரவழைப்பதா என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். வருவது நிச்சயமானால், பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேளையில் வரட்டும் என்பதே என் அபிப்பிராயம். மின்நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மென்பொருள் வாங்குவோர், கையெழுத்திடுமுன், உள்ளே எத்தனை எண்ணிகள் இருக்கின்றன, எவை எத்தனை நாளில் நிரம்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். விமானத்துக்கு அப்போது விதித்த பரிகாரம், குறித்த நாளுக்குள் மின்சாரத்தை ஒரு தரம் அணைத்துவிட்டு மறுபடி போடுவது.