சிவப்பு வரியும் அவசர மறுநிறுவலும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியது வாங்க எல்லோராலும் முடியாது. மாத்தளை நகரத்துப் பழுதுபார்க்கும் கடையானாலும், ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துப் பாடசாலை ஆய்வுகூடமானாலும், இருக்கிற கணினிக்கு உபுண்டுவோ மின்ட்டோ போட்டுப் பார்ப்போம் என்ற யோசனை இயல்பாகவே எழும். நல்ல யோசனைதான்.

சிக்கல் முதல் தொடக்கத்தில் வருகிறது. கறுப்புத் திரையில் நாலைந்து பிழை வரிகள் ஓடுகின்றன. உடனே பென்டிரைவை மறுபடி செருகி முதலிலிருந்து நிறுவுவது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். நிறுவி முடித்தால் அதே வரிகள் திரும்ப ஓடும். பிறகென்ன, ‘இந்த மெஷினுக்கு லினக்ஸ் ஒத்துவராது’ என்று தீர்ப்பு வழங்கப்படும். அந்த வரிகளை ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

வாசிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, பேசுவது யார் என்பதைத்தான். கணினி எழும்போது கிரப், கேர்னல், இனிட்ராம்எஃப்எஸ், சிஸ்டம்டி என்று ஒவ்வொன்றாகப் பொறுப்பைக் கைமாற்றுகின்றன. ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற வெறும் கட்டளைக் கோட்டில் நின்றால் கேர்னல் இன்னும் ஏறவேயில்லை. வைஃபையையோ திரை அட்டையையோ அப்போது சந்தேகிப்பதில் பயனில்லை. மேசைத்திரை வரை வந்துவிட்ட கணினியில் ஓடிய வரிகள் வேறு வகை. அவற்றில் பெரும்பாலானவை முறைப்பாடுகள்தான், மரணச் செய்திகள் அல்ல. ‘ஏசிபிஐ பயோஸ் எரர்’ என்று தொடங்கி, ஏதோ ஒரு குறியீடு கிடைக்கவில்லை என்று முடியும் வரி இதற்கு நல்ல உதாரணம். தாய்ப்பலகை தயாரித்தவர் எழுதிய அட்டவணையில் உள்ள குறையைக் கேர்னல் சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான். பயோஸுக்குப் புதிய பதிப்பு இருந்தால் போடலாம். இல்லாவிட்டாலும், கணினி ஒழுங்காக ஓடினால் அப்படியே விட்டுவிடலாம்.

மாறாக, 1 நிமிடம் 30 வினாடி என்று எண்ணிக்கொண்டே ‘ஸ்டார்ட் ஜொப்’ ஒன்று காத்திருக்கும் வரி நிறுவியவரின் கைவரிசையாக இருக்க இடமுண்டு. ஒரே வன்தட்டில் இரண்டாவது லினக்ஸை நிறுவும்போது அதன் நிறுவி, ஏற்கெனவே இருந்த ஸ்வாப் பகுதியைப் புதிதாக வடிவமைத்துவிடுவதுண்டு. அப்போது பகுதியின் யூயூஐடி மாறிவிடும். முதலாவது லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய அடையாளமே இருக்கும். இல்லாத சாதனத்துக்காக அது ஒவ்வொரு காலையும் 90 வினாடி காத்து நிற்கும். ‘பிளாக்ஐடி’ கட்டளை காட்டும் எண்ணை எஃப்எஸ்டேப் வரியோடு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும். டெபியன், உபுண்டு வகைகளில் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் உள்ள ‘ரிசூம்’ கோப்பையும் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பலர் மறக்கும் படி இது. பத்து நிமிட வேலைக்கு அரை நாள் மறுநிறுவல் எதற்கு?

வைஃபை ஃபேர்ம்வெயார் கிடைக்கவில்லை என்ற வரிக்குக் காரணம் சில வேளை கையில் இருக்கும் பழைய டெபியன் டிவிடி. டெபியன் உறுப்பினர்கள் 2022இல் வாக்களித்து முடிவெடுத்தபின், 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் இந்த ஃபேர்ம்வெயார் அதிகாரபூர்வ நிறுவியோடு சேர்ந்து வருகிறது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் ‘எஸ்பேட்’ என்ற சொல்லோடு பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று திரை நின்றால், 2024 ஓகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்பை நினைவில் கொள்ளுங்கள். ஷிம் என்ற தொடக்கக் கோப்பின் பழைய பதிப்போடு இருந்த பல லினக்ஸ் நிறுவல்களை அது தடுத்தது.

இனி மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைப் பார்த்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் வலுசக்தி அமைச்சர். (குரங்கின் வல்லமை பற்றி மாத்தளைக்காரருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.) யூபிஎஸ் இல்லாத கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அடுத்த தொடக்கம் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று காட்டும் கட்டளைக் கோட்டில் போய் நிற்கலாம். அங்கே ‘எக்ஸிட்’ என்று தட்டினால், எந்தப் பகுதியைக் கையால் சோதிக்க வேண்டும் என்று அது பெரும்பாலும் சொல்லிவிடும். அந்தப் பகுதிக்கு எஃப்எஸ்சிகே ஓட்டினால் பல தடவை காரியம் முடிந்துவிடும்.

ஆனால் ஓட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். திரையில் ‘ஐஓ எரர்’ என்பதோடு செக்டர் எண்ணும் சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கோளாறு கோப்பமைப்போடு நிற்கவில்லை. கேபிளோ வன்தட்டோ பழுதாகியிருக்கலாம். எஃப்எஸ்சிகே வன்தட்டில் எழுதும் கருவி. சாகக் கிடக்கும் தட்டில் அதை ஓட்டினால் மிச்சமுள்ள கோப்புகளும் போகக்கூடும். நேரடி யூஎஸ்பியில் ஏறி, வன்தட்டின் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்து, முக்கியமானவற்றைப் பிரதியெடுத்த பிறகே மற்ற வேலை. பயப்பட வேண்டிய வரி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இவ்விதழ் இதைத்தான் காட்டும்.

பழைய இயந்திரங்களில் இன்னொரு சில்லறைக் குற்றவாளி தாய்ப்பலகையின் சிஆர் 2032 மின்கலம். அது செத்தால் கடிகாரம் பின்னால் போகிறது. கோப்பமைப்பு கடைசியாக ஏற்றப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று விசித்திரமான பிழை வரும். ஏறிய பின்னும் தொல்லை ஓயாது. மென்பொருள் நிறுவும் ஏப்ட், களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுக்கும், உலாவி எல்லாத் தளத்தையும் சந்தேகிக்கும். இணைய இணைப்பைக் குறைசொல்லும் முன் திரையின் மூலையில் உள்ள திகதியைப் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. பக்கத்துக் கண்டியின் மலைத்தொடர்ப் பெயரைத் தாங்கி, பெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தானை லினக்ஸ் 2009இலேயே வந்தது. பழுதுபார்க்கும் பழக்கம்தான் வளரவில்லை. அதற்கு ஒரு தடை, ‘குவையட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற தொடக்கத் தெரிவுகள். உபுண்டு போன்றவை அழகான சின்னத்தைக் காட்டிச் செய்திகளை மறைப்பது வீட்டுக் கணினிக்குச் சரி. ஆய்வுகூடக் கணினிகளில் அந்த இரு சொற்களையும் கிரப் அமைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதே இவ்விதழின் கருத்து. ஓடி மறைந்த வரிகளை ஜேர்னல்சிடிஎல்லில் நடப்புத் தொடக்கத்துக்கும் பிழை மட்டத்துக்கும் வரையறுத்துப் பார்க்கலாம். தோற்ற சேவைகளைச் சிஸ்டம்சிடிஎல் பட்டியலிடும்.

மாத்தளை, கலேவல, தம்புள்ளைப் பக்கங்களில் நிறுவல் வேலை செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். கணினி மாதிரி, பயோஸ் பதிப்பு, லினக்ஸ் பதிப்பு, திரை நின்ற கடைசி மூன்று வரிகள், எது செய்து சரியானது ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ‘ஏதோ எரர் வந்தது’ என்று எழுத வேண்டாம். வரியை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள், அல்லது படமெடுத்து ஒட்டுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் தொடரிலக்கத்தையும் மறைத்து இவ்விதழுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும் குறிப்புகளை வரும் இதழ்களில் வெளியிடுவோம்.