உள்ளூர்ப் போட்டிப் புள்ளிவிவரங்களும் இளம் துடுப்பாட்டக்காரர் ஒப்பீடும்

உள்ளூர்ப் போட்டிகளில் எடுத்த ஓட்டங்களைக் கொண்டு இளம் வீரர்களை ஒப்பிட்டு, அவர்களுள் எவர் பன்னாட்டு ஆட்டத்தில் நிலைபெறுவார் எனக் கணிப்பது துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) நெடுநாளைய வழக்கமாகும். இந்தியாவில் ரஞ்சிக் கோப்பை உள்ளிட்ட முதல்தர ஆட்டங்களின் ஓட்டச் சராசரியே இதற்கு முதன்மை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 2025 சூன் மாதம் லீட்சு நகரில் தமிழ்நாட்டின் சாய் சுதர்சன் தேர்வுத் துடுப்பாட்டத்தில் (டெஸ்ட்) அறிமுகமானபோது இவ்வளவுகோல் மீண்டும் விவாதத்திற்கு உள்ளானது. அப்போது அவர் 29 முதல்தர ஆட்டங்களில் 1957 ஓட்டங்களே எடுத்திருந்தார், சராசரி 39.93. முதல்தரச் சராசரி 60-ஐத் தாண்டிய மும்பையின் சர்ஃபராஸ் கானுக்கு அச்சுற்றுப்பயண அணியில் இடமில்லை.

சராசரி கூறாதவை

சராசரி என்பது மொத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது. பந்து வீசியவர் யார், ஆடுகளம் எத்தகையது, ஆடியவரின் வயது என்ன என்பவை அதில் இடம்பெறுவதில்லை. 2018-19 பருவத்தில் புதுச்சேரி, பீகார், அருணாசலப் பிரதேசம் உள்ளிட்ட ஒன்பது அணிகள் சேர்க்கப்பட்டு ரஞ்சிக் கோப்பை அணிகள் 37 ஆனபின் இக்குறை மேலும் பெரிதாயிற்று.

2022 நவம்பர் 21 அன்று பெங்களூரில் விஜய் அசாரே கோப்பைப் போட்டியில் அருணாசலப் பிரதேசத்திற்கு எதிராக நா. ஜெகதீசன் 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் எடுத்தார். சாய் சுதர்சனுடன் அவர் முதல் இலக்கிற்குச் சேர்த்தவை 416. தமிழ்நாடு 506 ஓட்டங்கள் குவிக்க, எதிரணி 71 ஓட்டங்களில் சுருண்டது. உலக சாதனைதான், ஆயினும் எதிரணியின் தரத்தைக் கருதாமல் இதனை எடைபோட இயலாது. அதற்காக முழுவதையும் தள்ளிவிடுவதும் தவறு. அப்பருவத்தில் அவர் 830 ஓட்டங்களை 138.33 சராசரியில் எடுத்தார். அந்த 277-ஐ நீக்கிக் கணக்கிட்டாலும் சராசரி 110.60 வருகிறது, தொடர்ந்து அடித்த ஐந்து சதங்களில் நான்கு பிற அணிகளுக்கு எதிரானவை. ரஞ்சிக் கோப்பையில் 2024 சனவரியில் சண்டிகருக்கு எதிராக 321 ஓட்டங்களும் எடுத்தார். இத்தனைக்கும் பிறகு தேர்வு அணிக்கு அவர் அழைக்கப்பட்டது 2025 சூலையில், ரிஷப் பந்த் காயமுற்றதால்தான்.

வயது என்னும் காரணி

அமெரிக்க அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) இச்சிக்கலுக்கு ஒரு விடை காணப்பட்டது. அங்கே பெருங்குழுவிற்குக் கீழே படிப்படியாகச் சிறு குழுப் போட்டிகள் உள்ளன. ஒரு படியில் எடுத்த எண்ணிக்கை மேற்படியில் எவ்வளவாகக் குறையும் என்பதை மாற்றிக் கணிக்கும் முறையை 1985இல் பில் சேம்சு வெளியிட்டார். ஆண்டுதோறும் பலர் படி ஏறி இறங்குவதால் அங்கே இக்கணக்கிற்குப் போதிய தரவு கிடைக்கிறது. வயதும் சேர்த்துப் பார்க்கப்படும்: 20 வயதில் உயர்படியில் நடுத்தரமாக ஆடுபவர், அதே படியில் 26 வயதில் சிறப்பாக ஆடுபவரைவிட மேலாக மதிக்கப்படலாம்.

2008இல் இந்தியாவிலும் இத்தகைய தெரிவு நேர்ந்தது. 2000-01 முதல் தமிழ்நாட்டிற்காக ஓட்டங்களைக் குவித்துவந்த சு. பத்ரிநாத்துக்கு அப்போது ஏறத்தாழ 28 வயது. இரண்டு ரஞ்சிப் பருவங்களே ஆடியிருந்த விராட் கோலிக்கு 19. தேர்வுக்குழுத் தலைவராயிருந்த திலீப் வெங்சர்க்கார் கோலியின் பக்கம் நின்றதாகப் பின்னர் கூறினார். அவ்வாண்டு ஆகத்து மாதம் தம்புள்ளையில் இருவரும் இரண்டு நாள் இடைவெளியில் ஒருநாள் போட்டிகளில் அறிமுகமாயினர். கோலி 123 தேர்வுப் போட்டிகளில் 9230 ஓட்டங்கள் எடுத்து 2025 மே மாதம் ஓய்வு பெற்றார். முதல்தரத்தில் 54.49 சராசரியுடன் 10,245 ஓட்டங்கள் எடுத்த பத்ரிநாத்துக்குக் கிடைத்தவை இரண்டே தேர்வுப் போட்டிகள், அதாவது மூன்று இன்னிங்ஸ். வயதைக் கருதியது சரியே. ஆனால் 145 முதல்தர ஆட்டங்கள் காட்டியதை மூன்று இன்னிங்ஸ் பொய்யாக்கிவிடும் என்று எந்தப் புள்ளியியலும் கூறாது.

சுதர்சனின் தேர்வையும் இவ்வாறே நோக்கலாம். 23 வயதுக்காரர், 2024இல் இங்கிலாந்து மாவட்ட அணியான சர்ரேக்காக நாட்டிங்காம்சயருக்கு எதிராகவும், ஆத்திரேலிய ஏ அணிக்கு எதிராக மெக்கேயிலும் சதம் அடித்திருந்தார். உள்நாட்டு ஆடுகளங்களில் பெற்ற சராசரியைவிட இவ்விரு சதங்களே தேர்வுக்குப் பொருத்தமான சான்று. முதல் இன்னிங்ஸில் சுழியம், அத்தொடரில் மான்செசுடரில் 61, அக்டோபரில் தில்லியில் 87 எனத் தொடங்கிய அவரது கணக்கு எப்பக்கமும் தீர்ப்பளிக்கப் போதாது.

பதிவேட்டிற்கு வெளியே

இக்கணக்குகள் யாவும் ஓட்டங்கள் முறையாகப் பதியப்படும் இடத்திலிருந்தே தொடங்குகின்றன. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூரிலோ கல்வராயன் மலைச் சிற்றூர்களிலோ டென்னிஸ் பந்தில் ஆடும் இளைஞருக்கு ஒப்பிடத்தக்க சராசரி என்று ஒன்று இல்லை. அருகிலுள்ள சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் அவ்வாறே ஆடத் தொடங்கிய த. நடராசன், 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாகப் பரவலாக அறியப்பட்டு, 2020-21 ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவிற்காக அறிமுகமானார். ஆனால் அவர் பந்துவீச்சாளர். காலடியில் விழும் அவரது யார்க்கர் பந்தின் தரத்தை ஓர் ஓவர் பார்த்தே ஊகிக்கலாம். துடுப்பாட்டக்காரரின் தரமோ எதிரே வீசப்படும் பந்தின் தரத்தோடு சேர்ந்தே வெளிப்படும். அதற்கு அவர் முதலில் மாவட்ட அணிக்கோ சென்னையின் டிவிசன் போட்டிகளுக்கோ வந்துசேர வேண்டும்.