கேரவன் வாசலுக்கு லைட்வெயிட் ஆனிங்: எடையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர் வந்து, ஜவ்வாது மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு நாள் தங்கலாம் என்று கிளம்புகிறவர்களின் கேரவனில் படுக்கை இருக்கும், அடுப்பு இருக்கும், சார்ஜிங் பாயின்ட் இருக்கும். இல்லாதது திண்ணைதான். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக வண்டியின் கதவுப் பக்கம் இழுத்துக் கட்டுகிற துணிக்கூரைக்குப் பெயர் ஆனிங். நாற்காலி போட, சமைக்க, செருப்பைக் கழற்றிவிட அந்த நிழல் வேண்டும்.

ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘லைட்வெயிட்’ என்ற சொல். ‘வெறும் இத்தனை கிலோ’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எடை முக்கியமில்லை என்று சொல்ல முடியாது. ஆனா எந்த எடை என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் ‘போர்ச் ஆனிங்’ என்றால் பெரும்பாலும் மூன்று பக்கமும் ஜிப் போட்டு மூடிய சின்ன அறை. அங்கே காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன்கள் அதிகம். அவற்றில் ஏற்றக்கூடிய சாமான் எடைக்கு வரம்பு உண்டு என்பதால் ஒவ்வொரு கிலோவையும் எண்ணுகிறார்கள். குளிர்காற்றையும் தூறலையும் தடுக்கச் சுவர் வேண்டும். வேலூர் மாவட்டத்தில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. மூடிய போர்ச்சை இங்கே விரித்தால் மதியம் ரெண்டு மணிக்கு உள்ளே உட்கார முடியாது. பக்கங்கள் திறந்த, வேண்டுமானால் கொசுவலை மட்டும் தொங்கவிடக்கூடிய மாடல்தான் நமக்குச் சரி. சுவரைக் கழித்தாலே பாதிப் பாரம் போய்விடும்.

அடுத்து துணி. 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் கூரை என்றால் 7.5 சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் தார்ப்பாய் போட்டால் 900 கிராம். 350 ஜிஎஸ்எம் கேன்வாஸ் என்றால் சுமார் 2.6 கிலோ. 550 ஜிஎஸ்எம் பிவிசி பூச்சுத் துணி என்றாலும் 4.1 கிலோதான். மிக இலேசானதுக்கும் மிகக் கனமானதுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைவிடக் குறைவு. இதற்காக மெல்லிய துணியை எடுத்து, ஒரே கோடையில் வெயிலில் இற்றுப்போக விடுவது லாபமில்லை.

உண்மையான எடை குழாயிலும், வண்டியோடு பொருத்தும் பெட்டியிலும் இருக்கிறது. சுருள் பெட்டியோடு வரும் கேரவன் ஆனிங் 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். வேனுக்கு அது பெரிய விஷயமில்லை. எஸ்யூவி கூரையில் ஏற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டும். பல கார்களில் ஓடும்போது கூரை தாங்கும் எடை 50 முதல் 100 கிலோதான், அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. வண்டியின் கையேட்டில் இந்த எண் இருக்கும். அதனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் குழாய். அதே அளவு அலுமினியம், இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடமும் உண்டு: கயிறும் முளையும். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்து, திடீரென்று காற்றோடு மழை இறங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய ஏழரைக் கிலோ அழுத்தத்தில் தள்ளும். 7.5 சதுர மீட்டர் துணி அதை நேராக எதிர்கொண்டால் 55 கிலோவுக்கு மேல். காற்றின் வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு, அதாவது 200 கிலோவுக்கு மேல். ரெண்டு கிலோ துணி அப்போது பட்டமாகிவிடும், அதன் நுனியில் குழாய் இருக்கும். பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன ஆகும்?

மழைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. 10 மில்லிமீட்டர் மழை இந்தக் கூரை மேல் கொட்டும் தண்ணீர் 75 லிட்டர். துணி தொய்ந்திருந்தால் அதில் கணிசமான பங்கு நடுவிலேயே குளம் கட்டும். வெளிப்பக்கக் குழாய்களில் ஒன்றை ஒரு அடி இறக்கிக் கட்டினால் போதும், வழிந்துவிடும்.

பெட்டியோடு வரும் மெல்லிய அலுமினிய முளை புல்தரைக்குச் செய்தது. மலையடிவாரச் சரளை மண்ணில் ரெண்டு அடியிலேயே வளைந்துவிடும். ஊரில் ஏதாவது வெல்டிங் பட்டறையில் 10 எம்எம் டிஎம்டி கம்பியை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, தலையில் கொக்கி வளைத்து வாங்கிக்கொள்வது மேல். எட்டு முளை சேர்ந்தால் கனம்தான், இருக்கட்டும். கூரைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

வெயிலுக்கு மட்டும்தான் என்றால் இதைவிட எளிய வழி உண்டு. நாற்றங்காலில் கட்டும் ஷேடு நெட், 75 சதவீத நிழல் தருவது. காற்று உள்ளே புகுந்து போகும், தண்ணீர் தேங்காது, சுருட்டினால் தலையணை அளவு. மழைக்குத் தனியாக ஒரு தார்ப்பாய் வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராம் படத்துக்கு அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

வண்டியைத் துளைபோட்டு நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கழற்றி மாட்டும் வகையில் இந்தத் தலைவலி குறைவு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தங்க முடியாது. உத்திரகாவேரி ஆற்று மணல் சமமாக, குளுமையாக இருக்கிறதே என்று அங்கே விரிப்பதும் வேண்டாம். மலையில் பெய்தால் வெள்ளம் கீழே வரும். இடி கேட்டதும் ஆனிங்கைச் சுருட்ட நிற்காமல், உலோக உடல் கொண்ட வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது.

காலையில் கிளம்பும்போது துணி பனியில் நனைந்திருக்கும். அப்படியே சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் ஒரு நாள் காயப்போட்டு எடுத்து வைக்கவும்.