ஒரு நாள், ஐந்து கேள்வி: ஜூலை 18

வழக்கம்போல இன்றைய தேதியை வைத்து ஐந்து கேள்விகள். சரியான விடைக்குத் தலா இரண்டு மதிப்பெண். விடையைப் படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பக்கத்தில் இருக்கும் தாத்தாவைக் கேட்கலாம், பேத்தியைக் கேட்கலாம், கூகுளைக் கேட்கக் கூடாது!

இன்று ஒரு சின்ன மாற்றம். விடையோடு நின்றுவிடாமல், அந்தத் தேதிக்குப் பின்னால் என்ன இருந்தது என்றும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

கேள்வி 1: கி.பி. 64, ஜூலை 18 இரவு. ரோம் நகரம் பற்றி எரிந்தபோது மன்னன் நீரோ பிடில் வாசித்துக்கொண்டிருந்தான். சரியா, தவறா?

விடை: தவறு. தீ பிடித்தது உண்மை. நகரின் 14 பகுதிகளில் நான்குதான் தப்பின. ஆனால் பிடில் என்ற கருவி வந்ததே அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். தீ தொடங்கியபோது நீரோ ரோமிலேயே இல்லை, ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான் என்று எழுதுகிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ். நீரோ நல்லவன் என்று இதற்கு அர்த்தமில்லை. ‘வரலாற்றில் இன்று’ என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அப்படியே அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி 2: 1976, ஜூலை 18. மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆடி முடித்ததும் ஸ்கோர் போர்டில் 1.00 என்று வந்தது. அவர் உண்மையில் பெற்ற மதிப்பெண் எவ்வளவு? அவர் யார்?

விடை: பத்துக்குப் பத்து! ருமேனியாவின் நாடியா கொமனேச்சி. அப்போது அவருக்கு வயது 14. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் யாரும் முழு மதிப்பெண் வாங்கப்போவதில்லை என்று நினைத்ததால், 10.00 என்று காட்டும் வசதியே அந்தப் பலகையில் இல்லை. அதே ஒலிம்பிக்கில் இன்னும் ஆறு முறை அவர் பத்து வாங்கினார்.

சரி, அந்த ஒலிம்பிக்கில் யார் இல்லை தெரியுமா? இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள். நிறவெறி அரசு நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்து ரக்பி அணி போய் விளையாடியது. அந்த நியூசிலாந்தை ஒலிம்பிக்கில் சேர்த்ததைக் கண்டித்து அவை விலகின. பல வருடம் பயிற்சி எடுத்த வீரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

கேள்வி 3: அதே 1976, ஜூலை 18 அன்று தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஒரு கைதிக்கு 58 வயது நிறைந்தது. யார் அவர்?

விடை: இதைச் சொல்லவே வேண்டாம், நெல்சன் மண்டேலா. பிறந்தது 1918, ஜூலை 18. பெற்றோர் வைத்த பெயர் ரோலிஷ்லாஷ்லா. ‘நெல்சன்’ என்பது பள்ளியில் ஆசிரியை வைத்தது. 27 வருடச் சிறைவாசத்துக்குப் பிறகு 1990-ல் வெளியே வந்து, 1994-ல் நாட்டின் அதிபரானார். இன்று அவருடைய பிறந்த நாளை ஐ.நா. சபையே சர்வதேச நாளாகக் கொண்டாடுகிறது. சிறையில் கழிந்த பிறந்த நாட்களை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி 4: 1980, ஜூலை 18. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற ராக்கெட் எது? அதன் திட்ட இயக்குநர் யார்?

விடை: எஸ்.எல்.வி.-3. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். இந்தியா சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது அதுவே முதல் முறை.

இதற்கு முந்தைய தேதி 1979, ஆகஸ்ட் 10. அன்று இதே ராக்கெட்டின் முதல் முயற்சி வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருடம் வெற்றி வந்தபோது, ‘நீங்கள் போய்ப் பேசுங்கள்’ என்று கலாமை அனுப்பிவைத்தார். கலாமே பல மேடைகளில் சொன்ன கதை இது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆபீஸில் மேலதிகாரியாக இருப்பவர்களும் ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

கேள்வி 5: 1967, ஜூலை 18 அன்று சென்னை சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் என்ன?

விடை: ‘மதராஸ் மாநிலம்’ என்ற பெயரைத் ‘தமிழ்நாடு’ என்று மாற்றும் தீர்மானம். அப்போதைய முதல்வர் அண்ணா. பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969, ஜனவரி 14, பொங்கல் அன்று. அடுத்த மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தார்.

மொழிவழி மாநிலமாக நாம் பிரிந்தது 1956, நவம்பர் 1. அதுவா, பெயர்த் தீர்மானம் வந்த நாளா, எது ‘தமிழ்நாடு நாள்’ என்ற பேச்சு எழுந்தபோது, 2021-ல் மாநில அரசு ஜூலை 18-ஐ அறிவித்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மூன்று தேதிகளையும் குழப்பிக்கொள்ளாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு இன்னொரு தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்: 1956, ஜூலை 27. விருதுநகரில் சங்கரலிங்கனார் என்ற முதியவர் உண்ணாவிரதம் தொடங்கிய நாள். தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. இரண்டரை மாதம் உண்ணாமல் இருந்து, அக்டோபர் 13-ல் உயிர் நீத்தார். மாநிலம் பிறக்க இன்னும் 19 நாள் இருந்தது. நவம்பர் 1-ஐயும் அவர் பார்க்கவில்லை, ஜூலை 18-ஐயும் பார்க்கவில்லை. இன்று வீட்டில் யாராவது ‘தமிழ்நாடு நாள் வாழ்த்து’ ஸ்டேட்டஸ் வைத்தால், அவர் பெயரையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு வந்தது? பத்துக்குப் பத்து என்றால் நீங்கள் இன்றைய நாடியா. ஆறு, எட்டு என்றால் நல்ல தேர்ச்சி. அதற்கும் கீழே என்றால் கவலை வேண்டாம், எஸ்.எல்.வி.-3-யே இரண்டாவது தடவைதான் மேலே போனது!

நாளைக்கான கேள்வி: 1969, ஜூலை 19. ஒரே நாளில் 14 நிறுவனங்கள் அரசின் கைக்கு வந்தன. அவை என்ன? துப்பு வேண்டுமா? உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். நாளை சந்திப்போம்!