வருஷத்துக்கு ஒரு நாள் வேட்டி

ஜனவரி 6-ஆம் தேதி உங்கள் ஆபீஸில் என்ன விசேஷம் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் செல்போனைத் தடவிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வெள்ளை வேட்டி கட்டி, மீசையை முறுக்கியபடி வரிசையாக நிற்கும் படம் ஒன்று இருக்கும். வேட்டி தினமாம்! மறுநாள் அதே ஆண்கள் பேன்ட்டில் வந்திருப்பார்கள். வேட்டி பீரோவுக்குத் திரும்பியிருக்கும். இடுப்பில் நிற்குமோ நிற்காதோ என்ற பயத்தில் சில பேர் வெல்க்ரோ வைத்த வேட்டியாகவே வாங்கியிருப்பார்கள்.

கோ-ஆப்டெக்ஸ் இந்த நாளை முன்னிறுத்தியதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் நெசவாளியின் துணி நாலு கூடுதலாக விற்றால் நல்லதுதானே? பி.காம். படித்தவன் நான், விற்பனையைக் குறை சொல்ல மாட்டேன். என் சண்டையெல்லாம் வாங்கியவர்களோடுதான். வருஷத்தில் 1 நாள் வெளியே வந்து, 364 நாள் அலமாரியில் தூங்கும் சரக்குக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெட் ஸ்டாக்'. நாம் அதைக் கலாசாரம் என்கிறோம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. ஸ்காட்லாந்து ஆண்கள் முழங்கால் வரை கட்டும் கில்ட்டை, அந்தக் கட்டம்போட்ட பாவாடையை, சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். கலகம் செய்த மலைநாட்டுக்காரர்களை ஒடுக்க, 1746-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அந்த உடைக்கே தடை போட்டது. முதல் தடவை மாட்டினால் 6 மாதம் ஜெயில். மறுபடி மாட்டினால் 7 வருஷம் நாடு கடத்தல். 1782-ல்தான் தடை நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, இளஞ்சிவப்புக் காலுறைக்கு மேல் கில்ட் கட்டிக்கொண்டு நின்றார். தடை போட்ட அரச குடும்பத்தின் வாரிசுக்கே அது ஃபேன்ஸி டிரஸ் ஆகிவிட்டது!

இன்றைக்கு அங்கேயும் பெரும்பாலானவர்களுக்குக் கில்ட் கட்ட ஒரு சாக்கு வேண்டும். கல்யாணம், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஜனவரி 25, புனித ஆண்ட்ரூவின் நவம்பர் 30. அமெரிக்காவில் குடியேறிய வம்சத்துக்கு இதுவும் போதவில்லை. ஏப்ரல் 6-ஐ 'டார்ட்டன் தினம்' ஆக்கி, 1998-ல் செனட் சபையில் தீர்மானமும் வாங்கிவிட்டார்கள். அன்றைக்குக் கில்ட் கட்டி, பாரில் விஸ்கி கிளாஸோடு நிற்கலாம். மறுநாள் வேலைக்குப் பேன்ட். நம்ம கதையேதான்.

"நம்ம ஊர்ல வேட்டிக்குச் சட்டமே இருக்கே சார்!" என்பீர்கள். இருக்கிறது. 2014 ஜூலை 11-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்காக, சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குப் போனார். வேட்டி கட்டியிருந்ததால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஊரே கொதித்தது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரை உள்ளே விட மறுத்தால் 1 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அங்கே கட்டினால் ஜெயில்; இங்கே கட்டியவரைத் தடுத்தால் ஜெயில். நல்ல சட்டம். கை தட்டுவோம்.

தட்டியாச்சா? இப்போது ஒரு கேள்வி. கிளப்புக்குள் போனது யாருடைய வேட்டி?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வாருங்கள். டீக்கடையில், மார்க்கெட்டில், சாயங்காலத் திண்ணையில் ஆண்களின் இடுப்பில் நீங்கள் பார்ப்பது லுங்கி. அதுவும் கட்டம்போட்டதுதான். அதற்குத் தினம் கிடையாது, ஏனென்றால் தினமும் கட்டுகிறார்கள். பக்கத்துக் குடியாத்தம் அதை நெய்தே பெயர் வாங்கிய ஊர். இந்தப் பகுதியின் தோலும் ஷூவும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. அங்கே எந்தக் கில்ட்டுக்குக் கீழே ஆம்பூர் ஷூ நிற்கிறதோ, யார் கண்டது?

ஆனால் அந்தத் தோலைப் பதனிட்டவர், ஷிஃப்ட் முடிந்து, குளித்து, வெளுத்த லுங்கி கட்டி ஒரு ஏ.சி. ஹோட்டலுக்குப் போகட்டும். 'லுங்கி அணிந்து வர அனுமதி இல்லை' என்ற போர்டை நீங்கள் எத்தனை வாசல்களில் பார்த்திருக்கிறீர்கள்? ஒரு தடவையாவது கோபம் வந்ததா? 2014-ன் சட்டம் வேட்டியோடு 'பிற இந்தியப் பாரம்பரிய உடை'களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. லுங்கி அதில் சேருமா, சேராதா? நீதிபதியை நிறுத்தினால் சட்டசபை பேசுகிறது. டேனரி தொழிலாளியை நிறுத்தினால் அது வெறும் 'டிரஸ் கோடு'!

உடை என்பது மனிதனின் மானம் என்று வேலூர் மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இடுப்புத் துணி, தலைத் துணி என்ற பேதம்கூட அதற்குக் கிடையாது. நெற்றிச் சின்னம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று கம்பெனி ராணுவம் உத்தரவு போட்டது. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்துதான். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கவர்னர் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் பதவி இழந்து ஊர் திரும்பினார்கள். அந்தச் சிப்பாய்கள் வருஷத்துக்கு ஒரு நாள் தலைப்பாகை தினம் கேட்கவில்லை.

உங்களை யாரும் துப்பாக்கி தூக்கச் சொல்லவில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போங்கள். போட்டோ வேண்டாம். "என்ன சார் விசேஷம்?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்லையே" என்று சொல்லுங்கள். அடுத்த தடவை ஹோட்டல் வாசலில் லுங்கிக்காரர் ஒருவரை மடக்குவதைப் பார்த்தால், தாண்டிப் போகாதீர்கள். நின்று, "ஏன் விட மாட்டீங்க?" என்று கேளுங்கள்.

இந்த இரண்டையும் செய்ய மனசில்லை என்றால் தயவுசெய்து ஜனவரி 6-ஆம் தேதி மீசையை முறுக்காதீர்கள். பேன்ட்டிலேயே வாருங்கள். அதுவாவது நேர்மையாக இருக்கும்.