கட்டிப்பிடி



சென்ற வாரம் தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் நின்றிருந்தேன். சங்கு குளித்துவிட்டுக் கரையேறிய ஓர் இளைஞரை, வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய மச்சான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். குளித்தவர் உடம்பில் தண்ணீர் சொட்டுகிறது; வந்தவருடைய வெள்ளைச் சட்டை பாழ். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் சிரித்துக்கொண்டே, "பேர் ஹக்!" என்றான்.

பேர் ஹக் என்றால் கரடி அணைப்பு. கரடி தன் இரையை நெஞ்சோடு சேர்த்து நெரித்தே கொல்லும் என்று ஒரு காலத்தில் ஆங்கிலேயர் நம்பினார்கள். உண்மையில் அது முன்னங்காலால் அறையும், கடிக்கும், அணைத்து நெரித்துக் கொல்வதெல்லாம் கிடையாது. இல்லாத கொலைப்பிடி ஒன்று அன்புக்குப் பெயராகிவிட்டது! நம்மிடமும் உடும்புப்பிடி உண்டு. கடனைத் திருப்பிக் கேட்க வந்தவருக்குத்தான் அது பொருந்தும்.

நாம் கட்டிப் பிடிக்கிறவர்கள். கட்டு என்றால் என்னவென்று இந்தக் கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில மரங்களைச் சேர்த்து வைத்துக் கயிற்றால் இறுக்கினால் கட்டுமரம். கரை சேர்ந்ததும் அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள். கடலுக்குப் போகும்போது மறுபடியும் கட்டுவார்கள். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே இந்தச் சொல் 'கட்டமரன்' என்று ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. இன்று அந்தப் பெயரில் உலகம் சுற்றும் இரட்டைப் படகுகள் பெரும்பாலானவற்றில் கயிற்றுக் கட்டைப் பார்க்க முடியாது.

முத்துக்குளிப்புக் காலத்தில், கல்லோடு கடலடிக்கு இறங்கியவரின் உயிர் மேலே கயிறு பிடித்தவர் கையில். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். கூடப்பிறந்தவளின் தாலிக்காகவாவது அவர் கண்ணயரமாட்டார் என்ற கணக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. திரேஸ்புரத்தில் அந்தச் சட்டை நனைந்தபோது எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

2004இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படம் வந்த பிறகு 'கட்டிப்பிடி வைத்தியம்' வீட்டுச் சொல்லாகிவிட்டது. 'ஹக்' என்பதே, தேற்றுவதைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. அப்படியானால் அந்தப் படத்தில் கமல் செய்தது சரியான வைத்தியம்தான்.

கரிசல் பக்கம் 'ஆவிசேர்த்துப் பிடிக்கிறது' என்பார்கள். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்