‘பிரேக் பிடிக்கவில்லை’ என்பது காரணமன்று

கடந்த ஜூன் மாதம் நண்பர்கள் நால்வர் ரோத்தாங் கணவாயிலிருந்து மணாலிக்குக் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் எங்களுள் ஒருவர்; சமவெளியில் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர். இரு வளைவுகளுக்கு இடையே விரைவதும், வளைவு நெருங்கியதும் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் அவர் வழக்கம். கோத்தி என்னும் சிற்றூரில் தேநீருக்காக நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடையும் மெல்லிய புகையும் எழுந்தன. நண்பர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப்போனார். அருகில் நின்ற டாக்சி ஓட்டுநர் ஒருவர், “ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிசல் விட்டுவிடும், அரைமணி நேரம் அப்படியே ஆறவிடுங்கள்” என்று இந்தியில் தடுத்தார். பத்து நிமிடம் கழித்து நண்பர் பெடலை மிதித்துப் பார்த்தார். அது எதிர்ப்பேதுமின்றி அடிவரை இறங்கியது. நின்றிருந்த வண்டியாதலால் நாங்கள் பிழைத்தோம்.

அந்தப் பெடல் அடுத்த கொண்டை ஊசி வளைவில் அவ்வாறு இறங்கியிருந்தால், ‘பிரேக் பிடிக்காததால் கார் பள்ளத்தில் கவிழ்ந்தது’ என்று மறுநாள் செய்தி வந்திருக்கும். இத்தொடரோடுதான் எனக்குப் பிணக்கு. நம் நாட்டு மலைச்சாலை விபத்துச் செய்திகளில் அது காரணமாக எழுதப்படுகிறது. எழுதப்பட்டவுடன் மேற்கொண்டு கேள்வி எழுவதில்லை. உண்மையில் அது காரணமன்று, விளைவு. காரணம் பல கிலோமீட்டர்களுக்கு முன்னரே, எந்த கியரில், எந்த வேகத்தில் இறங்குவது என்ற முடிவில் தொடங்கிவிடுகிறது.

கணக்கு எளிது. ரோத்தாங் கணவாயின் உயரம் 3,978 மீட்டர். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டரில் உள்ளது. நான்கு பேரும் மூட்டைகளும் சேர்ந்து 1,600 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த 1,900 மீட்டர் இறக்கத்தில் இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 3 கோடி ஜூல். 90 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க அது போதும். ஒரு பகுதியை டயர்களின் உராய்வும் காற்றின் தடையும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை ஏற்க இரண்டே இடங்கள்தாம் உள்ளன: ஒன்று இன்ஜின், மற்றொன்று பிரேக். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் ஏற்கும். மேல் கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் சில கிலோ எடையுள்ள இரும்புத் தட்டுகளின் தலையில் அத்தனையும் விழும்.

முரட்டுத்தனமான ஓட்டம் இச்சுமையைக் கூட்டுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைவை நெருங்கி, நான்கு விநாடிகளில் 20 கிலோமீட்டருக்குக் குறைத்தால் ஏறத்தாழ 2 இலட்சம் ஜூல் வெப்பமாகிறது. அந்த நான்கு விநாடிகளும் 2 கிலோவாட் கீசர்கள் 25 ஒருசேர எரிவதற்கு அது சமம். அவ்வேகத்தில் ஒரு பகுதியைச் சரிவு தந்தது; மறுபகுதியை ஆக்சிலரேட்டர் தந்தது. அதாவது பெட்ரோலை எரித்துப் பெற்ற வேகத்தை அடுத்த வளைவிலேயே பிரேக்கில் எரிக்கிறோம். வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் தட்டுகளுக்கு ஆறுவதற்கும் நேரமில்லை. உயரத்தின் மெல்லிய காற்று குளிர்விப்பதும் குறைவு. கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதமே. பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணைசெய்யும் வெற்றிட பூஸ்டர் அந்த அழுத்தத்தையே நம்பி இயங்குவது.

வெப்பம் மிகும்போது பிரேக் இருவகையில் கைவிடும். முதலாவது, பேடுகளில் உள்ள பிசின் சிதைந்து உராய்வு குறைவது. அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது, ஆவியைச் சுருக்கலாம். எனவே மிதி முழுவதும் ஆவிக்குமிழிகளைச் சுருக்குவதிலேயே வீணாகிப் பெடல் அடிவரை இறங்கும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. வண்டி நின்றதும் காற்றோட்டம் நின்றது. டிஸ்க்கில் தேங்கிய வெப்பம் பேடு வழியாகவும் பிஸ்டன் வழியாகவும் ஆயிலைச் சென்றடைந்தது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை தாங்கவேண்டும் என்பது தரவரையறை. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய ஆயிலுக்கு அதே வரையறை 140 டிகிரிதான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்னும் அறிவுரையின் பொருள் இதுதான். வாடை வந்தபின் ஓடிநிற்பதைவிட, வாடை வரும் முன்னரே கீழ் கியரில் மெதுவாகச் சிறிது தொலைவு ஓட்டி, காற்றில் ஆறவிட்டு நிறுத்துவதே முறை.

கீழ் கியரில் இறங்குமாறு சொன்னால் மூன்று மறுப்புகள் வருகின்றன. இன்ஜின் பழுதாகும் என்பது முதல் மறுப்பு. சுழற்சி வேகமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை அவ்வாறு ஆவதில்லை. எரிபொருள் கூடுதலாகும் என்பது இரண்டாவது. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் வேகம் மிகவும் தாழாதவரை, எரிபொருள் செலுத்துவது தானே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை அணையாமல் காக்க எரிபொருள் செலவாகும். எங்கள் வண்டியில் ஏபிஎஸ் உள்ளது என்பது மூன்றாவது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். வெப்பத்தைப் பற்றி அது ஒன்றும் செய்யாது.

இது சுற்றுலாக் கார்களோடு முடிவதன்று. புணேயில் காத்ரஜ் சுரங்கச் சாலையிலிருந்து நவலே பாலம்வரை இறங்கும் நெடுஞ்சாலைச் சரிவில் கட்டுமீறிய லாரிகள் முன்செல்லும் வண்டிகளில் மோதுவது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. 2022 நவம்பரில் ஒரே லாரியால் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கும் வழக்கம் அங்குக் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆனால் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் ஓட்டுநரின் வருமானத்தைத் தீர்மானிக்கும் தொழிலில், அவ்வழக்கத்தை அவருடைய குணக்கேடாக மட்டும் பார்ப்பது நேர்மையாகாது. பிரேக்கின் மேல் பழிபோடுவதைப் போலவே ஓட்டுநர்மேல் மட்டும் பழிபோடுவதும் விசாரணையைப் பாதியில் நிறுத்துவதே.

நமக்கு விதி இல்லாமல் இல்லை. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15 ஆவது விதி, உரிமம் கேட்பவர் தேர்வில் செய்துகாட்டவேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. இறக்கத்தில் செல்லும்போது விரைந்து கீழ் கியருக்கு மாற்றுவதும் அப்பட்டியலில் உண்டு. சமவெளி நகரங்களில் எட்டுப் போட்டும், பின்னோக்கி எடுத்தும் உரிமம் பெற்ற நம்மில் எத்தனை பேர் இதைச் செய்துகாட்டினோம்? நான் செய்துகாட்டவில்லை, என் நண்பரும் செய்யவில்லை. அந்த உரிமத்தோடு இமயத்தில் ஓட்ட எங்களை எவரும் தடுக்கவுமில்லை. தேர்வுத் திடலில் ஒரு சரிவு அமைப்பது அரிய பொறியியலன்று. அது இயலாத இடத்தில் எழுத்துத் தேர்விலேனும் இறக்கத்துக்கான கியர் பற்றிய கேள்வி கட்டாயமாகவேண்டும். ஒவ்வொரு நீண்ட இறக்கத்தின் தலைப்பிலும், வேகத்தை மட்டுமன்றி கியரையும் சொல்லும் பலகையும், வண்டிகள் நின்று ஆற இடமும், கட்டுமீறிய வண்டி ஏறி நிற்க மணற்சரிவும் வேண்டும்.

கல்விக்கூடங்களில் இருப்போருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஆற்றல் அழியாது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். கல்விச்சுற்றுலா என்று மாணவர் நாற்பது பேரை வாடகைப் பேருந்தில் ஏற்றி, இரவெல்லாம் ஓட்டிய ஓட்டுநரிடம், “ஏழு மணிக்குள் கீழே இறங்கிவிடவேண்டும்” என்று சொல்லும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். அந்தப் பேருந்தின் நிலையாற்றல் எங்கள் காரினுடையதைப்போல் பல மடங்கு. பயணத் திட்டத்தில் இறக்கத்துக்கு ஏற்றத்தைவிடக் குறைந்த நேரம் ஒதுக்கும் பேராசிரியரும், பின்னிருக்கையிலிருந்து விரைவுபடுத்தும் மாணவரும் அந்தப் பெடலின் மேல் ஒரு காலை வைத்திருக்கிறார்கள்.

வண்டியை ஏற்றுவதற்குத் தேவைப்பட்ட அதே கியரில் இறக்கவேண்டும் என்பது மலையோட்டுநர்களின் பழைய விதி. கோத்தியில் எங்களைத் தடுத்த ஓட்டுநரும், நாங்கள் புறப்படும்போது, “இரண்டாவது கியரிலேயே போங்கள்” என்றுதான் சொன்னார். மணாலி சென்றடையக் கூடுதலாக ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குமேல் எந்தச் செலவும் இல்லை.